மறுப்பில்லாத நாற்காலி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கிழக்குச் சுவரை ஒட்டிய நாற்காலியில் என் அக்கா உலகம்மாள். அவளுக்கு இடப்பக்கம் அத்தான் சங்கரபாண்டியன். சன்னலை அடைத்துவிட்டு, அதன் முன்னால் முக்காலி போட்டு, வாசனை மணம் கலந்து பார்க்க வந்திருந்த திருமதி பெனடிக்டா. நடுவில், எல்லோருக்கும் முகம் தெரியும்படி, அக்கா மகள் எழினி. அவளுக்கு நேர் எதிரே நான். தாய்மாமனுக்கு அந்த இடம் என்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். நான் பதிவறையில் எழுத்தர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்வது தொழிற்பழக்கம்.

பதினெட்டு முடிந்தவர்களுக்கு நாள்மணம் வைப்பது எங்கள் தென்காசியில் காதுகுத்து போல ஒரு வீட்டு விசேஷமாகிவிட்டது. குளித்ததும் மணிக்கட்டில் இரண்டு சொட்டு வாசனைத் தைலம். அன்று முழுக்க மனம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். அவரவர் சுபாவத்தை அளந்து அவரவருக்கென்றே கலந்து தருவார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கட்டாயம் எதுவும் இல்லை. மணமில்லாமல் பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் பார்ப்பார், அவ்வளவுதான். என்னுடையது வெட்டிவேரும் நனைந்த சிலேட்டும். இருபத்தெட்டு வருடமாக அதுதான்.

அன்று எனக்கு மூக்கடைப்பு. வெள்ளிக்கிழமை பிடித்த சளி. சளி பிடித்தவனுக்குத் தன் மணம் எட்டாது. ஆகவே அவன் ஐந்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும்; எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டாலும் செல்லாது. சளிவிடுப்பு என்று பெயர். நான் வாயைத் திறந்திருந்தால் விசேஷத்துக்கு அடுத்த தேதி கிடைக்க மூன்று மாதம் ஆகியிருக்கும். அக்கா விடியுமுன்பே எழுந்து சமைத்து வைத்திருந்தாள். மறைத்துவிட்டேன்.

“சார் குரல் ஒரு மாதிரி இருக்கே?” என்றார் பெனடிக்டா. மூக்குக் கவசத்துக்கு மேலே அவர் கண்கள் என்மீது சற்று அதிக நேரம் நின்றன.

“நேத்து ஆபீஸ்ல ஒரே கத்தல்.”

“வெட்டிவேர்க்காரங்க கத்துவாங்களா?”

எழினி சிரித்தாள். “எங்க மாமா கத்துனாலும் வரிசை எண் போட்டுத்தான் கத்துவாங்க.”

அவளுக்கு மினிக்காய்க்குத் தெற்கே கடலடி நிலையத்தில் இடம் கிடைத்திருந்தது. ஐந்து வருடப் பயிற்சி. வருகிறேன், மாட்டேன் என்று வியாழக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். அக்காவுக்கு விருப்பமில்லை. ஒரு மாதமாக அந்த வீட்டில் பாத்திரங்கள் சற்று ஓங்கியே வைக்கப்பட்டன.

பெனடிக்டா மணமானியை முடுக்கினார். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டு அதில் வைப்பார், சின்ன விசிறி சுழன்று மணத்தைக் கூடமெங்கும் பரப்பும், எழினியிடம் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டாய்? யார் மேல் கோபம்? அடுத்த வருடம் இந்நேரம் எங்கே இருப்பாய்?

“இட்லி. அம்மா மேல. தண்ணிக்கு அடில,” என்றாள் எழினி, முதல் சொட்டுக்கு.

நான்காவது சொட்டுக்கு, “இட்லிதான். அம்மா மேலதான், ஆனா கொஞ்சம். தண்ணிக்கு அடில. அங்க மழை பெய்யாது, குடை மிச்சம்.” அத்தான் சிரித்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாவது சொட்டுக்கு எழினி கொஞ்சம் யோசித்தாள். “இட்லி. யார் மேலயும் இல்ல. அடுத்த வருஷமா? இங்கதான் இருப்பேன். வேற எங்க போகப் போறேன்?”

அக்கா மூச்சை நீளமாக விட்டாள். அத்தான் கண்ணை மூடிச் சாய்ந்தார். இரண்டு முகங்களும் ஒரே நொடியில் ஒரே மாதிரி தளர்ந்தன. எனக்கு எந்த வாசனையும் எட்டவில்லை. எட்டியிருந்தால் நானும் கண்ணை மூடியிருப்பேன், கம்பிகளைப் பார்த்திருக்க மாட்டேன். மணமானியிலிருந்து மூன்று கம்பிகள் தரையோடு ஓடின. ஒன்று அக்காவின் நாற்காலிக்கு, ஒன்று அத்தானுடையதற்கு, ஒன்று என்னுடையதற்கு. எழினியின் நாற்காலிக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

“ரெண்டு விளக்கு பச்சை,” என்றார் பெனடிக்டா, மணமானியைப் பார்த்து. “சார், உங்க நாற்காலி மட்டும் ஒண்ணும் சொல்லலையே? ஆரம்பத்துல இருந்தே சும்மாதான் கிடக்கு. சரி, மறுப்பில்லைன்னு போட்டுக்கிடுதேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவரை வண்டிவரை கொண்டுபோய் விட்டேன். “கம்பி ஏன் எங்க நாற்காலிக்கு வந்துச்சு? மணம் பிள்ளைக்குத்தானே?” என்று கேட்டேன்.

“பிள்ளைக்குத்தான். சார், பதினெட்டு வயசுல எது நிம்மதின்னு அதுகளுக்கே தெரியுமா? சுத்தி இருக்கவங்க நிம்மதியா இருந்தா அது நல்ல மணம். அதைத்தான் இது அளக்கும்.” பெட்டியை வண்டியில் ஏற்றினார். “இருபது வருஷமா இந்த வேலை பாக்கேன். ஒருத்தரும் கம்பியைக் கேட்டதில்ல. உங்களுக்குச் சளியா?”

“இல்ல.”

“நல்லது,” என்றார். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சந்தேகப்பட்டதை அவர் ஏன் எழுதிக்கொள்ளவில்லை என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். எழினி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வரலைன்னு நேத்தே நிலையத்துக்கு எழுதிப் போட்டுட்டேன் மாமா. அது சும்மா ஒரு ஆசை.”

“ஒரே ஒரு நாள் அதைப் பூசாம இரு. அப்புறமும் இதையே சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்.”

“எதுக்கு மாமா? நல்லாத்தானே இருக்கேன்.” மணிக்கட்டை ஒருமுறை முகர்ந்துகொண்டாள். “உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு. வெந்நீர் தரட்டா?”

போன வாரம் இதே பெண்ணிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியதற்கு, என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். இப்போது வெந்நீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு கேலி இல்லை. குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அடுக்களையில் அக்காவிடம் கேட்டேன். “கம்பி விஷயம் உனக்குத் தெரியுமா?”

அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. “உனக்கு வச்சப்ப நானும் நாற்காலில உக்காந்தவதான். நீ என்ன கெட்டா போயிட்ட? வேலை, வீடு, பென்ஷன்.”

“அவளுக்கு ஆசை இருந்துச்சுக்கா.”

“உனக்கும்தான் இருந்துச்சு. பதினெட்டு வயசுல எங்க போகணும்னு நீ ஒப்பாரி வச்சேன்னு ஞாபகம் இருக்கா?”

நான் யோசித்தேன். பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது, வாத்தியார் பெயர்கள் வரிசையாக வந்தன. அழுதது வரவில்லை.

“பாத்தியா,” என்றாள் அக்கா. “இப்ப வலிக்குதா? இல்லல்ல? அதைத்தாம்ல சொல்லுதேன்.”

எங்கே போக அழுதேன் என்று அவளிடம் கேட்காமலே வந்துவிட்டேன். கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். சளி பிடித்தவனுக்கு எல்லாம் சூழ்ச்சியாகத் தெரியும் என்பதும் பள்ளிப் பாடம்தான். இது என் புத்தியா, மூக்கடைப்பின் புத்தியா? எது எப்படியானாலும் அதற்கு ஆயுள் குறைவு. சளிக்கு இது ஐந்தாம் நாள். மூக்கு திறந்துவிட்டால், சொட்டு வைக்காவிட்டாலும் காலர் துணியில் ஊறியிருக்கும் வெட்டிவேர் உள்ளே ஏறிவிடும். சட்டையை மாற்றிப் பார்த்தேன். பெட்டி முழுக்க அதே வாசனைதான் இருந்திருக்கும். இருபத்தெட்டு வருடத்துச் சட்டைகள். அதற்குப் பிறகு எனக்கும் எல்லாம் சரியாகவே படும்.

மறுத்தவரை மீண்டும் கேட்கும்படி குடும்பத்தில் ஒருவர் கைப்பட எழுதலாம் என்று நிலையத்தின் விதிகளில் ஓர் இடம் இருந்தது. நடுப்பகலில் தபால் நிலையத்துக்குப் போய், மேசையருகே நின்றபடியே எழுதினேன்.

“நிலையப் பதிவாளர் அவர்களுக்கு. வணக்கம். என் அக்கா மகள் எழினி சங்கரபாண்டியன் தங்களுக்கு எழுதிய மறுப்பு, அவருக்கு நாள்மணம் வைத்த அன்றைக்கு எழுதப்பட்டது. தங்கள் நிலையத்தின் அடைத்த காற்றில் எந்த மணத்துக்கும் அனுமதி இல்லை என்று அறிகிறேன். அவரைக் கரையில் உள்ள தங்கள் விடுதிக்கு அழைத்து, மூன்று நாள் மணமில்லாமல் வைத்திருந்து, அதன் பின் ஒருமுறை கேட்க வேண்டுகிறேன். அப்போதும் மாட்டேன் என்றால் அதுவே அவர் பதில்.

“மணம் வைத்த அன்று எனக்குச் சளி. அதை மறைத்துக் கையெழுத்திட்டேன். என் நாற்காலியின் மௌனம் சம்மதமாக எழுதப்பட்டது. இன்றும் சளி நீங்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம் செல்லாது என்று தாங்கள் தள்ளலாம். என் வேலையும் போகலாம். இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது அரைப் பொய்யாகும் என்பதால் எழுதுகிறேன்.

“இன்னும் ஒன்று. நாளையோ மறுநாளோ, இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று என்னிடமிருந்தே தங்களுக்கு ஒரு கடிதம் வரக்கூடும். நல்ல கையெழுத்தில், மிகப் பணிவாக இருக்கும். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். இப்படிக்கு, கோமதிநாயகம், தாய்மாமன்.”

உறையில் பசை தடவும்போது வலது நாசியில் அடைப்பு பட்டென்று விட்டது. காற்று இறங்கியது. முதலில் பசையின் புளிப்பு, அதன் பின்னால், வெகு தொலைவில் இருப்பது போல, நனைந்த சிலேட்டு. அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், வெந்நீர் கொடுத்தாளே. கடிதத்தில் ‘ஒப்பாரி’ வைத்ததுபோல எழுதியிருக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. உறையைப் பிரித்து அந்தச் சளி விவகாரத்தை மட்டும் திருத்திவிட்டால் என்ன?

வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உறையை அழுத்தி ஒட்டினேன். எட்டு அடி நடந்தால் தபால் குழாய். எண்ணிக்கொண்டே நடந்தேன். குழாயின் வாயில் வைத்ததும் காற்று உறையை இழுத்தது. அதே நொடியில் என் கை அதன் பின்னாலேயே உள்ளே போனது. விரல் நுனியில் காகிதம் பட்டது. பிறகு காற்று மட்டும்தான்.