கம்பிவேலிக்குத் தாலாட்டு

உலகத்தில் வரலாறு என்று ஒன்று நடந்திருந்தால் அது மொன்டானாவில், டன்மோரில் மட்டும்தான் நடந்தது. மற்ற ஊர்களில் வெறுமனே பொழுது போயிற்று. ஊர் அருங்காட்சியகத்தின் நிறுவனரும் தலைவரும், பெரும்பாலான வாரங்களில் அதன் ஒரே பார்வையாளருமான வெண்டெல் ஹாஸ்கெட் இதைச் சிரிக்காமல் சொல்வார். இன்று சாயங்காலமும் பழைய மேய்ச்சல் வேலியோரம் முழங்கால் பனியில் நின்று அதையே சொல்லிக்கொண்டு கையுறையைக் கழற்றினார். கம்பியைத் தொட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது. மாட்டின் மூக்குபோல ஈரமாகவும்.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வெயில் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பின்னால், அவர்கள் வந்த டிரக் வண்டிக்கும் வேலிக்கும் நடுவே, மனைவியின் தம்பி லெஸ்டர் ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தான். பனிக்காலத்தில் இந்த வேலியைக் கடக்கும் டன்மோர்க்காரர்கள் எல்லாரும் பாடுவார்கள், பாதிரியார்கூட. தாத்தாக்கள் காலத்துப் பெரும்பனி ஆண்டில், புயலுக்கு முதுகு காட்டி நடந்துவந்த மாட்டு மந்தை முழுதும் இங்கே முட்டி, ஒன்றையொன்று நெருக்கியே செத்தது. மந்தை மிரளாமலிருக்க ராத்திரிக் காவல்காரன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு நின்றவன் குளிரில் பாட்டை நிறுத்திவிட்டானாம்.

"மாடு செத்து மண்ணாப் போச்சு. இன்னும் யாருக்குடா தாலாட்டு?"

"உங்களுக்கு ஒண்ணும் பாடலியே, மச்சான்."

"டன்மோரோட முதல் முள்கம்பியை வெட்டப்போறேன். நாளைக்குக் கண்ணாடிப் பெட்டில வைக்கணும். கொஞ்சம் மரியாதையா வாயை மூடு."

"சரி, மூடிட்டேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

மூடினான்.

வெட்டுக்குறடு கடித்தது. கம்பி அறுந்த அதிர்வு வேலியோடு இரண்டு பக்கமும் ஓடித் தேய்ந்தது. அது தேய்ந்த இடத்திலிருந்து நனைந்த தோலும் புளித்த புல்லும் கலந்த வாடை கிளம்பி வர, வாடைக்குப் பின்னால், கொட்டகை நிறைய மாடுகள் படுக்க இடம் தேடுவதுபோல, கனத்த மூச்சுகளும், பனியில் குளம்பு மாற்றி வைக்கும் நொறுங்கலும், கொம்போடு கொம்பு உரசும் வறட்டுச் சத்தமும் நெருங்கி வந்தன. வெண்டெல் சுற்றிப் பார்த்தார். வெறும் பனி. அவர்கள் இருவரின் தடம் தவிர ஒரு தடமில்லை.

வண்டி நகர்ந்தது. முன்னாலோ பின்னாலோ அல்ல. பக்கவாட்டில், வேலியை நோக்கி.

"மச்சான், தள்ளுது!"

லெஸ்டரின் முதுகில் வேலித்தூண். மார்பில் வண்டிக் கதவு. வெண்டெல் அவன் கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. வண்டியின் மறுபக்கத் தகரம் டம்மென்று குழிந்தது. அங்கே யாருமில்லை. மறுபடி டம்.

"பாடுங்க... எனக்கு மூச்சு..."

"என்ன பாட்டுடா?"

"எதாவது!"

வாயில் வந்தது ஒரு பற்பசை விளம்பரப் பாட்டு. பாடினார். வண்டி நின்றது. நெருங்கிய மூச்சுகள் செவிசாய்த்தன.

மூச்சிழுக்க நிறுத்தினார். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தது. லெஸ்டருக்குள் ஏதோ முறிந்தது.

மறுபடி பாடினார். மறுபடி மூச்சிழுத்தார். மறுபடி ஓர் அங்குலம்.

இருட்டிவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. பாதையில் ஒரு விளக்கு வெளிச்சமில்லை. பிடரியில் சூடான மூச்சு பட்டது. பிறகு முதுகில் ஒரு பாரம். அவசரமில்லாமல். சாய்ந்துகொள்ள இடம் கண்டதுபோல. இடப்பக்கம் இன்னொன்று. வலப்பக்கம்.

வெண்டெல் உதடு பிரிக்காமல், குழந்தையைத் தூங்கவைப்பவர்போல, மெல்ல முனகிக்கொண்டிருந்தார். லெஸ்டரின் திறந்த கண்களில் பனி விழுந்தது.

கரையவில்லை.