பூநாரைகள் எழுந்த கரை

கடலோரச் சாலையை அகலப்படுத்தக் கொட்டியிருந்த மண்ணில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் கிடந்தன. பெல்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் நஸ்ரினும் கல்லூரியில் தொல்லியல் படிப்பவர்கள். அந்த ஓடுகளின் வயது இரண்டாயிரம் ஆண்டாவது இருக்கும்.

“பழைய ஊரையே தோண்டி ரோட்டுக்குக் கொட்டுறானுங்கடி. எங்கேருந்து அள்ளுறாங்கன்னு பாத்துருவோம், வா,” என்றாள் பெல்சியா.

லாரிகள் வழிநெடுகச் சிந்தியிருந்த சாம்பல் மண்ணைப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரை விட்டார்கள். தடம் ஓரிடத்தில் கருவேலங்காட்டுக்குள் திரும்பியது. மணலில் வண்டி புதைந்தது. இறங்கி நடந்தார்கள். முள் கிழித்தது, புள்ளிமான் ஒன்று குறுக்கே பாய்ந்து மறைந்தது. காட்டைத் தாண்டினால் உப்பங்கழி. அங்கே பல தடங்கள் குழம்பிக் கிடந்தன; லாரிகள் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போயின என்று தெரியவில்லை.

எதிர்க்கரையில் பூநாரைக் கூட்டம் ஒட்டுமொத்தமாக எழுந்து பறந்தது.

“அங்க எதையோ பாத்து மிரளுது,” என்றாள் நஸ்ரின்.

முழங்கால் சேற்றில் கழியைக் கடந்தார்கள். பெல்சியாவின் செருப்பு உள்ளேயே போய்விட்டது.

கரையில் பாதி வெட்டிய மேடு. வெட்டுச்சுவரில் சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. ஜேசிபியின் கை அதற்கு நேராக உயர்ந்தது.

பெல்சியா ஓடிப்போய்க் கிணற்றில் முதுகை ஒட்டி நின்றாள்.

“ஏம்மா, தள்ளிப் போ,” என்று கத்தினார் ஓட்டுநர்.

“அள்ளுங்கண்ணே. என்னையும் சேத்து அள்ளி ரோட்டுல போடுங்க.”

மேற்பார்வையாளர் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். “உங்க அப்பன் சொத்தா இது?”

“ஆமா. உங்க அப்பன் சொத்தும்தான். கைய எடுங்க சார்.”

அவள் நகரவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். “புள்ள நிக்கிற எடத்துல நான் தோண்ட மாட்டேன் சார்.”

இதற்குள் நஸ்ரின் சிக்னல் தேடி அங்கே நின்ற லாரியின் மேல் ஏறி, தங்கள் பேராசிரியருக்குப் படங்களை அனுப்பியிருந்தாள். அவர் தகவல் சொல்ல, மதியம் தாசில்தாரின் ஜீப் வந்தது. வேலை நின்றது. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

“அதான் நிறுத்தியாச்சே. வீட்டுக்குப் போம்மா,” என்றார் தாசில்தார்.

“காவலுக்கு ஆள் வரட்டும், போறேன்.”

“என்னை நம்ப மாட்டியா?”

“பாதி மேட்டைக் காணோம் சார். எப்படி நம்புறது?”

அவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். போலீஸ்காரர்கள் வந்து நின்ற பிறகே பெல்சியா கிளம்பினாள்.

“இன்னும் கோவமா?” என்று கேட்டாள் நஸ்ரின்.

“ஆமா. அது அப்படியே இருக்கட்டும்,” என்றாள் பெல்சியா. வெறுங்காலோடு காட்டுக்குள் முன்னால் நடந்தாள்.