முந்தலில் ஒரு மௌத்து!

"ஆஆஆ...!"

ஃபஸ்னாவின் அலறல் அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் படிகளில் உருண்டு ஓடியது.

கேட்க ஆளில்லை!

புத்தளம் பக்கத்து முந்தல் ஊரில் ஞாயிறு காலை. கீழ்வீட்டுக்காரர்கள் தேவாலயப் பூசைக்குப் போயிருந்தார்கள். மேல்வீடு காலி.

நடுமாடி வீட்டின் குளியலறை வாசலில், கையில் சாவிக்கொத்தோடு உறைந்து நின்றாள் ஃபஸ்னா.

தரையில் ஒரு ஆண்.

வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பாதி திறந்த வாய்...

"என்ன தங்கச்சி? பைப் ஒழுகுதா?"

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார் வீட்டுப் புரோக்கர் பதுர்தீன்; ஊருக்கே அவர் 'நானா', அதாவது அண்ணன். பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"யா அல்லாஹ்! மௌத்து... ஆள் மௌத்து தங்கச்சி! பார்க்காதீங்க, வெளிய வாங்க!"

"ஆ... ஆரு நானா இது?"

"முந்தி வாடகைக்கு இருந்தவன். கெவினோ என்னவோ பேரு. ஆரோ குத்திப் போட்டிருக்கானுவ. நீங்க போங்க! பொலிஸ் வந்தா உங்களயும் இழுத்துட்டுப் போவானுவ. நான் சமாளிக்கிறன்."

"வீடு...?"

"ரத்தம் விழுந்த வீட்டுக்கு எந்த மடையன் வாடகைக்கு வருவான்? மறந்துருங்க! நாளைக்கே நான் சொன்ன அந்தக் கண்டக்குழி வீட்ட எழுதிருவோம். அல்லாஹ் உங்களக் காப்பாத்தினான்!"

ஃபஸ்னா படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

ரோட்டோரம் முச்சக்கரவண்டியோடு நின்றாள் நிலானி. குவைத்தில் ஒரே கட்டடத்தில் வேலை செய்த நாளிலிருந்து ஃபஸ்னாவின் கத்தோலிக்கச் சிநேகிதி. இப்போது சொந்தமாக வண்டி ஓட்டுகிறாள்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி வாறாய்?"

"ஓட்டுடி! கேள்வி கேக்காம ஓட்டு!"

வண்டி சீறியது!

*

ஃபஸ்னாவுக்குப் பயம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குப் பிறகு கோபம் வரும்.

இம்முறை முந்தல் சந்தி தாண்டுவதற்குள்ளேயே வந்துவிட்டது!

"நாசமாப் போவான்! சாகுறதுக்கு அவனுக்கு வேற வீடு கிடைக்கல்லயா?"

"ஆருடி செத்தது?"

சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது கண்ணில் தண்ணீர்.

அழுகை அல்ல. ஆத்திரம்!

சீதனமாகக் கிடைத்த வீட்டைப் புருஷன் அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டு இன்னொருத்தியோடு போயிருந்தான். ஃபஸ்னா குவைத் போனாள். அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். அந்தச் சேமிப்பில் ஒரு சின்னத் தொடர்மாடி வீடு... தன் பெயரில். தான் உம்மாவோடு இருந்துகொண்டு அதை வாடகைக்கு விட்டால், மகளின் படிப்புக்கு எவனிடமும் கையேந்த வேண்டாம்.

ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காசு. இடம் பிழைத்தால் எல்லாமே பிழைத்துவிடும்!

"புத்தளம் டவுன்ல விலையக் கேட்டாலே காய்ச்சல் வருது," என்று பொரிந்தாள். "முந்தல்தான் சரியென்டு எத்தன நாள் யோசிச்சி எடுத்த முடிவு! பஸ் ரோட்டுக்குப் பக்கம். டீச்சர்மார், பேங்க் ஆக்கள், இறால் பண்ணை ஆக்கள், வருசம் முழுக்க வீடு தேடுறாங்க. இந்தாளு முதல் நாள்ல இருந்தே கண்டக்குழி, கண்டக்குழியென்டு உயிர எடுக்கிறாரு!"

"எங்கட ஊருக்கு என்னடி குறை?"

"நீயே சொல்லு. காத்தடிக்கிற மட்டும்தானே வெள்ளைக்காரன் பட்டம் கட்டிக் கடல்ல சறுக்க வருவான்?"

"ஓம். காத்து நின்டா பட்டத்தச் சுருட்டிக்கிட்டு அவனும் போயிருவான்."

"பொறகு வாடகைய ஆரு தருவா? கடலா?"

நிலானி சிரித்தாள். ஆனால் யோசனையாகவே சிரித்தாள்.

"ஃபஸ்னா... செத்தவன்ட கழுத்துல சிலுவை இருந்ததென்டாய்?"

"ஓம்."

"அவன்ட பேரு கெவினாம்?"

"அதான் சொன்னேனே!"

"பதுர்தீன் நானா அவனப் பார்த்த உடனே என்ன சொன்னாரு?"

"மௌத்து, ஆள் மௌத்து..."

நிலானி வண்டியை ஓரங்கட்டினாள்.

"எங்கட அப்பா செத்தப்போ நீ போன்ல என்ன சொல்லி அழுதாய்?"

"அப்பா... மோசம் போயிட்டாரா என்டு கேட்டேன்."

"ஏன் மௌத்தாயிட்டாரான்னு கேக்கல்ல?"

"அது எங்கட ஆக்களுக்குத்தானேடி சொல்..."

ஃபஸ்னா நிலானியின் தோளைப் பிடித்தாள்!

சிலுவை போட்ட கெவினுக்கு, பார்த்த நொடியில், 'மௌத்து'!

முஸ்லிம் ஆளைப் பார்த்தால்தானே பதறிய வாயில் அந்தச் சொல் வரும். அப்படியென்றால் பதுர்தீனுக்குத் தெரியும். தரையில் கிடப்பது கெவின் இல்லை!

"இன்னொன்டு," என்றாள் நிலானி பல்லைக் கடித்துக்கொண்டு. "வீடு காட்ட ஞாயிறு பூசை நேரத்த ஏன் எடுத்தாரு? ஒரு சனம் இருக்காதென்டுதான்! எல்லாம் நடிப்புடி! நானும் இந்தக் கூத்துக்குப் பூசைய விட்டுட்டு வந்திருக்கேன்!"

"வண்டியத் திருப்புடி!"

"வீடு பூட்டியிருந்தா?"

ஃபஸ்னா கையை விரித்தாள்.

ஓடிய ஓட்டத்தில் திருப்பிக் கொடுக்க மறந்த சாவிக்கொத்து!

*

பதுர்தீனின் மோட்டார் சைக்கிள் வாசலில் இல்லை. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்கள். சத்தமில்லாமல் கதவைத் திறந்தார்கள்.

குளியலறையில்...

பிணம் அப்படியே கிடந்தது!

நிலானி நெற்றியில் சிலுவை போட்டாள். ஃபஸ்னா ஓரடி பின்வாங்கினாள். தப்பாக நினைத்துவிட்டோமா...?

பிறகுதான் அதைப் பார்த்தாள்.

ஜன்னல் வழியாக இறங்கி, சுவர் ஓரமாக நடந்து, பிணத்தின் நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது ஒரு நீள வரிசை.

எறும்புகள்!

"நிலானி... ரத்தத்துக்கு இவ்வளவு எறும்பு வருமாடி?"

"தெரியா. ஆனா சர்பத்துக்கு வரும்!"

இருவரும் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் போன எறும்பு கழுத்தைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. காதுக்குள் எட்டிப் பார்த்தது. நுழைந்தது!

"உம்மோவ்...!"

பிணம் ஓரடி உயரத்துக்குத் துள்ளியது!

ஃபஸ்னா மூலையிலிருந்த, வீடு கூட்டும் தும்புத்தடியைத் தூக்கினாள். முதல் அடி முதுகில் விழுந்தது.

"அடிக்காதீங்க ராத்தா! நான் அக்மல்! கலியாண வீட்டுல மைக் புடிச்சி அறிவிப்புச் செய்ற ஆள்!"

"கலியாண வீட்டுல இருக்கிறவனுக்கு என்ட வீட்டுல என்னடா வேல?"

"பதுர்தீன் நானாதான் ராத்தா! கூலியோட வாறன், அதுவரைக்கும் இப்படியே கிட என்டாரு. கண்டக்குழியில அவரு காசு போட்டு நாலு வீடு கட்டியிருக்காரு. நாய்கூடப் படுக்கல்ல. நீங்க முந்தல்லயே நிக்கிறீங்களாம், பயங்காட்டினா கண்டக்குழிக்கு வருவீங்களாம்..."

"அந்தச் சிலுவை எதுக்கு?" சீறினாள் நிலானி.

"எங்கட ஆளென்டா நீங்க உடனே ஜனாஸா எடுத்து அடக்கப் பள்ளிவாசலுக்கு போன் பண்ணிருவீங்களாம். ஆக்கள் வந்துருவாங்களாம். வேற ஆளென்டா பயத்துல ஓடிருவீங்களாம்..."

ஃபஸ்னாவுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

வீட்டை விற்றுவிட்டு ஓடினான் ஒருவன். வீட்டை வாங்கவிடாமல் செய்கிறான் இன்னொருவன். பெண் பயப்படுவாள், ஓடுவாள்... எல்லோருக்கும் இதே கணக்கு!

"படு," என்றாள்.

"ராத்தா...?"

"திரும்பப் படுடா! மிச்ச சர்பத் எங்க?"

போத்தலை வாங்கி அவன் தலையைச் சுற்றித் தாராளமாக ஊற்றினாள். நிலானி பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்காரர் அருளப்பு உங்கட ஊருதானே? இத்தாலி நம்பர் இருக்கா?"

"ஓம். வீட்டுக்காரரோட நேர கதைக்கப்படாதென்டு புரோக்கருக்கு வாக்குக் குடுத்தேன், அது இதென்டாய்?"

"அந்த வாக்கும் மௌத்து! வீடியோ கோல் எடு!"

*

ஃபஸ்னா நடுங்கும் குரலில் போன் செய்தாள். பதுர்தீன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் பறந்து வந்தார்.

குளியலறையைப் பார்த்தார். தலையைச் சுற்றிச் சிவப்புக் குளம்!

"திரும்பி வந்து பார்த்தேன் நானா. இவன் எழும்பி ஓடப் பார்த்தான். புடிச்சித் தள்ளினேன். தல பேசின்ல அடிபட்டு... மூச்சே இல்ல!"

பதுர்தீனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அடப் பாவி! நடிக்கத்தானே சொன்னேன்! உண்மையாவே போயிட்டானா?"

"நடிக்கவா? நீங்களா சொன்னீங்க?"

"நான்தான்! நான்தான் சொன்னேன்! அதுக்கு இப்ப என்ன?"

சட்டென்று திரும்பினார். ஃபஸ்னாவைப் பார்த்தார். பிணத்தைப் பார்த்தார். முகத்தில் மெல்ல மெல்ல இரத்தம் திரும்பியது.

சிரித்தார்!

"நடிக்கச் சொன்னது குத்தமா தங்கச்சி? தள்ளினது நீங்க! கொல செஞ்சது நீங்க!"

"ஐயோ, பதுர்தீன் நானா...!"

"சத்தம் போடாதீங்க. உள்ளுக்குப் போனா உங்கட மகள ஆரு பார்ப்பா? கண்டக்குழி வீட்ட என்ட விலைக்கு எழுதிருங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

"இவர... என்ன செய்ற?"

"களப்புத் தண்ணி பக்கத்துலதானே? இருட்டினதும் கல்லக் கட்டி இறக்கிட்டாச் சரி."

"ஜனாஸாத் தொழுக இல்லாமயா? கபுறுக் குழி இல்லாமயா?"

"இந்த நாய்க்கு என்ன தொழுக!"

அவ்வளவுதான்!

"டேய் பதுர்தீன்...!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது! தலையிலிருந்து சிவப்பு வழிய, கண்கள் பிதுங்க...

"கல்லக் கட்டுவியா? எனக்கா? கூலிகூட இன்னும் தரல்லயேடா நீ!"

பதுர்தீன் வீறிட்டார். திரும்பினார். சர்பத்தில் கால் வைத்தார். வழுக்கித் தொபீரென்று விழுந்தார்!

"நல்லா வேணும்!"

ஜன்னலிலிருந்து வந்தது அந்தக் குரல்.

ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்த நிலானியின் கைப்பேசி! அதற்குள் பெனியனோடு கட்டிலில் குந்தியிருந்தார் ஒருவர். பின்னால் இத்தாலியின் விடியாத இருட்டு.

"அருளப்பு அண்ணன்...!" பதுர்தீன் எழும்பப் பார்த்துத் திரும்பவும் வழுக்கினார்.

"எல்லாத்தையும் பார்த்தேன். ஒரு சொல்லு விடாமக் கேட்டேன். என்ட வீட்டுல பொணமா? அதையும் களப்புல எறிவியா? தங்கச்சி, வீடு உனக்குத்தான். புரோக்கருக்குன்னு ஒதுக்கினதையும் விலையில கழிச்சிட்டுத் தா!"

எவ்வளவு கூட்டிப் பார்த்தும் வீட்டு விலைக்கு ஃபஸ்னாவின் கையில் போதாமல் இருந்த தொகை... அதேதான்!

நிலானி வண்டிச் சாவியைச் சுழற்றினாள்.

"எழும்புங்க நானா. பொலிஸுக்குப் போவோம். இனி நீங்க ஸ்டேஷன் வாசல்ல நின்டு பழகணும். வண்டிக் காசு உங்கட கணக்குல!"

அவள் பதுர்தீனின் கொலரைப் பிடித்து நடத்திப் போனாள். சாட்சி சொல்லப் பின்னால் இறங்கப் போன அக்மல், வாசலில் தயங்கி நின்றான். தலையைச் சொறிந்தான். ஒரு எறும்பு விழுந்தது.

"ராத்தா... இந்த வீடு வாடகைக்குத்தானே விடப் போறீங்க?"

"ஏன்?"

"அடுத்த மாசம் எனக்குக் கலியாணம். வீடு தேடுறேன். காலையில இருந்து படுத்துப் பார்த்துட்டேன்... தரை நல்ல குளிர்ச்சி!"

முதல் வாடகைக்காரன்! கையெழுத்துப் போடுவதற்கு முன்பே!

ஃபஸ்னா அவனை மேலிருந்து கீழ்வரை முறைத்தாள்.

"ஒன்டாம் தேதி வாடகை கையில இருக்கணும்."

"சரி ராத்தா! தப்பித் தவறி... ஒரு மாசம் பிந்திட்டா?"

ஃபஸ்னா தும்புத்தடியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பிந்தினா... அடுத்த மௌத்துக்கு சர்பத் தேவப்படாது!"