ஹாலிஸ் மாமாவின் இருபது தோட்டாக்கள்

புதன்கிழமை காலை வில்மர் கொட்டகைக் கதவைத் திறந்தபோது, மேஜைமேல் இருந்த துளைப்பலகையில் இருபது பித்தளைத் தோட்டாக் கூடுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. முந்தைய நாள் அந்தப் பலகையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவன் அவனேதான்.

ஒன்றை எடுத்துப் பார்த்தான். கழுத்து நீண்டு தோள் தணிந்த அந்தக் கூடு, செத்துப்போன தாய்மாமன் ஹாலிஸின் ரைஃபிளைத் தவிர வேறெதற்கும் பொருந்தாது. அந்த அளவுத் தோட்டாவைக் கடையில் வாங்கிய காலம் மலையேறி முப்பது வருஷமாகிறது. அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும், மொன்டானா மலையில் எல்க் மான் வேட்டை தொடங்குவதற்கு முன், வில்மர்தான் வேறு அளவுக் கூடுகளை வெட்டி, அச்சில் நசுக்கி, அடியில் வெடிக்கும் கேப்பு வைத்து, வெடிமருந்து அளந்து, குண்டு பொருத்தி மாமாவுக்கு இருபது தோட்டா செய்து கொடுப்பான். அதற்கான அச்சு அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவனிடம் மட்டும்தான் இருந்தது.

போன வருஷம் வேட்டையின் முதல் நாளில், கன்னத்தில் சாய்த்திருந்தபோதே மாமாவின் ரைஃபிள் வெடித்துச் சிதறியது. தொண்ணூறு வருஷத்து இரும்பு, பாவம் மனுஷன் என்று ஊர் பேசிக்கொண்டது. வில்மரும் கூடவே தலையாட்டினான்.

இரும்பின்மேல் தப்பில்லை என்று அவனுக்குத் தெரியும். மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். இந்த வேலையில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. அன்றைக்கு அவன் முதலில் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா செய்திருந்தான். கண் மூடித் திறப்பதற்குள் எரிந்து தீரும் மருந்து அது; ரைஃபிளில் போட்டால் குழலையே பிளந்துவிடும். அளக்கும் குழாயின் அடியில் அது கொஞ்சம் தங்கியிருக்க, காலி செய்யச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே மாமாவின் மருந்தைக் கொட்டிவிட்டான். முதல் மூன்று கூடுகளில் எது இறங்கியது என்பது, மாமாவைப் புதைத்துவிட்டு வந்து மேஜைமேல் இரண்டு டப்பாக்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மிச்சத் தோட்டாக்களை ஆற்றில் வீசினான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்தக் கூடுகளையும் அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டினான். யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வியாழன் காலை சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தத்துக்கும் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தத்துக்கும் நடுவில், கொட்டகைப் பக்கமிருந்து தோட்டா அழுத்தும் இயந்திரத்தின் கைப்பிடி கிறீச்சென்று இறங்குவதும், ஒரு மூச்சு நேரம் நிற்பதும், பிறகு ஏறுவதும் கேட்டது. நிதானமாக, ஒன்று மாற்றி ஒன்றாக, அவனே உட்கார்ந்து வேலை செய்வதுபோல. ஓடினான். உள்ளே யாருமில்லை. ஆற்றுக்குப் போன இருபது கூடுகளும் பலகையில் நின்றன. ஒவ்வொன்றிலும் மருந்து நிரம்பியிருந்தது. பதினேழில் குச்சி குச்சியாக ரைஃபிள் மருந்து. முதல் மூன்றில் கைத்துப்பாக்கி மருந்தின் தட்டையான கறுப்புச் செதில்கள். கைப்பிடியைத் தொட்டான். அதில் உள்ளங்கைச் சூடு இருந்தது.

அவற்றையும் ஆற்றில் கொட்டினான். அவசரத்தில் பாதி கரையிலேயே சிந்தியது.

வெள்ளிக்கிழமை இருபது தோட்டாவும் குண்டு பொருத்தி முடிந்து, பெட்டியில் அடுக்கியிருந்தன. இன்னாருக்கு என்று எழுதி மூடியில் காகிதம் ஒட்டுவது வில்மரின் வழக்கம். மூடியில் காகிதம் இருந்தது. அவன் கையெழுத்துதான். டார்லாவுக்கு.

டார்லா அவன் மகள். பத்தொன்பது வயது. வேட்டை மறுநாள் தொடங்குகிறது. ஹாலிஸ் தாத்தா உட்காரும் இடத்தில்தான் இந்த வருஷம் உட்காருவேன் என்று கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை மேலங்கிக்குள் திணித்துக்கொண்டு நேரே மாமாவின் மனைவி ஓபல் அத்தை வீட்டுக்கு வண்டியை விட்டான். நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் போனான். அத்தை காப்பி ஊற்றினாள். அவன் தொண்டையைக் கனைப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"மாமாவோட துப்பாக்கித் துண்டையெல்லாம் நீதானேடா எடுத்துட்டுப் போனே? மாவுச் சாக்குல கட்டி வச்சிருந்தேன். இப்ப சாக்கு மட்டும்தான் கிடக்கு."

இல்லை என்று தலையை அசைத்தான்.

"எங்கயோ போகட்டும். அதைப் பார்க்கவே எனக்குச் சகிக்கல. வில்மர் கைபட்ட தோட்டான்னா கண்ண மூடிக்கிட்டு சுடலாம்னு சொல்லிட்டே இருப்பாரு மனுஷன்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

வீட்டில் டார்லாவிடம் நாளைக்கு மலைக்குப் போகாதே என்றான். அவள் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்டாள். பனி அதிகம் என்றான்.

"பனி இல்லாம யாருப்பா எல்க் வேட்டைக்குப் போவா? உண்மையான காரணத்தச் சொல்லு, போகல."

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் போதும். ஓபலுக்குப் போகும், ஊருக்குப் போகும், மாமாவைக் கொன்றவன் என்ற பேர் கல்லறைவரை கூட வரும். சொன்னா கேளு, போகாதே என்று முணுமுணுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான். கதவை உள்ளே தாழிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. தாழ் அப்படியே இருந்தது. பெட்டி மடியில் இருந்தது. உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை.

டார்லாவின் கட்டில் காலி. அவளுடைய துப்பாக்கி சுவரிலேயே தொங்கியது.

ஓடினான். முழங்கால் அளவு பனி. காலடித் தடம் மேலே போனது. அவள் பூட்ஸின் தடம். பாதி ஏற்றத்தில் பக்கத்திலேயே இன்னொரு தடம் சேர்ந்துகொண்டது. பெரிய தடம். மாமாவைப் போலவே இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் தடம்.

மேலே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. தோட்டா பறக்கும் சத்தம் இல்லை. கனத்த சத்தம். எதிரொலி வரவில்லை.

வேறு யாராவதாக இருக்கும். வேறு யாராவது.

பிசின் வாசனைக்கு நடுவில் கருகிய மருந்து நெடி. மேட்டின்மேல், மாமா வழக்கமாக உட்காரும் ஃபர் மரம். அதன் அடியில் டார்லா உட்கார்ந்திருந்தாள். முகத்தின் இடப்பக்கம்தான் அவனுக்குத் தெரிந்தது. தொப்பி கோணாமல் இருந்தது. முழங்கால்மேல் ஹாலிஸ் மாமாவின் ரைஃபிள். ஒரு கீறல்கூட இல்லாமல், முழுசாக.

வில்மர் அப்படியே மண்டியிட்டான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு டப்பா. குழாயில் தங்கிய மருந்து. மூன்று தோட்டா. நான்தான் கொன்றேன் என்றான். துப்பாக்கியைக் கீழே வை என்று கெஞ்சினான்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல அப்பா," என்றாள் டார்லா. குரலில் கோபமே இல்லை. "நீ சொல்லுவேன்னு கடைசிவரைக்கும் காத்திட்டிருந்தோம். தாத்தா இன்னும் கொஞ்சம் பாப்போம்னாரு. எனக்குத்தான் குளிருச்சு."

அவள் பேசப் பேசக் குளிரில் வெண்ணிற ஆவி எழுந்தது. உதட்டிலிருந்து கொஞ்சம்தான். மீதியெல்லாம் அவனுக்குத் தெரியாத அந்த வலது கன்னத்திலிருந்து, காதுவரை அகலமாக வந்துகொண்டிருந்தது. டார்லா ரைஃபிளை ஊன்றிக்கொண்டு மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.