நூறில் நின்ற முள்

அந்த வண்டி குட்டி லாரியில் வந்து இறங்கியது. உச்சி வெயில். பட்டறையின் தகரக் கூரை சூட்டில் படக் படக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

இறக்கும்போது லாரிக்காரன் மூச்சு வாங்கினான். "என்ன மெக்கானிக்கே, ஏத்தும்போது ரெண்டு பேர் தூக்கினோம். இப்ப நாலு பேர் பத்தலை. வர்ற வழியில கல்லு கில்லு தின்னுச்சா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. அது அவன் தங்கை புருஷனின் பைக். மாப்பிள்ளை செத்த நாளிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. முன் ஃபோர்க் கோணியிருந்தது. டேங்க்கில் ஒரு பெரிய சொட்டை. ஸ்பீடோமீட்டர் கண்ணாடி கீறியிருந்தாலும் முள் மட்டும் வண்டி விழுந்தபோது காட்டிய இடத்திலேயே நின்றது. நூறில்.

குனிந்து பார்த்தபோது கிராம்பு வாசனை வந்தது.

மாப்பிள்ளை கல் உடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். பீடியை விட்ட பிறகு வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. இத்தனை மாதம் வெட்டவெளியில் கிடந்த இரும்பில் அது எப்படி ஒட்டியிருக்கும்? எங்கிருந்தாவது காற்றில் வந்திருக்கும் என்று மெக்கானிக் தனக்கே சொல்லிக்கொண்டான். காற்று அசையவில்லை.

வீடும் பட்டறையும் ஒரே சுவருக்குள். தங்கை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். புருஷனுடைய வேலையை ஆலைக்காரர்கள் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். விடியும்போது முதல் ஷிஃப்ட்.

"இதை எடைக்குப் போட்டுடலாம்மா."

"போட்டுட்டு? றெக்கை கட்டிப் பறந்து போவனா? கம்பெனி வேன் நம்ம பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. குழந்தைக்கு நீ பால் வாங்கித் தருவ சரி, எத்தனை நாளைக்கு? சரி பண்ணிக் கொடுண்ணே."

"மாப்பிள்ளை விழுந்த அந்த வளைவு வழியாத்தானே போகணும்."

"அந்த வளைவுலதான் அவர் பத்து வருஷமாப் போனாரு." அவள் முள்ளைத் தொட்டுக் காட்டினாள். "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினாருன்னு போலீஸ்காரன் எழுதிட்டான். நீயே பாரு. நூறு. அங்க அவருக்கு என்னிக்கும் நூறுதான். 'நூறு வரைக்கும் வண்டி வளையும், ஒரு கோடு தாண்டினாலும் பள்ளம்தான்'னு என்னைப் பின்னாடி வச்சுக்கிட்டே சொல்வாரு. அவர் தாண்டலண்ணே. முள்ளைப் பாத்துத்தான் ஓட்டியிருக்காரு."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

எந்த வண்டிக் கம்பெனியும் ஸ்பீடோமீட்டரை உள்ளபடி காட்ட விடாது. கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். முள் நூறு என்றால் வண்டி உண்மையில் தொண்ணூற்றுச் சொச்சம்தான் ஓடும். மாப்பிள்ளை சாவதற்கு முந்தின வாரம், மெக்கானிக் செல்போன் வீடியோ பார்த்து டியூனிங் கற்றுக்கொண்டிருந்தான். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணக்குப் போடும் கறுப்புப் பெட்டி ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கும். மாப்பிள்ளை வண்டியின் பெட்டியில் லேப்டாப் ஒயரைச் செருகி அதிலிருந்த கம்பெனிக் கணக்கை அழித்துத் தன் கணக்கை ஏற்றினான். டாப் ஸ்பீடு ஏறியது. வேலை கை வந்த குஷியில் முள்ளின் பொய்யையும் திருத்தி வைத்தான். இனி நூறு என்றால் நூறு.

அதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவனுக்குத் தோன்றவில்லை. முள்ளை நம்பி பத்து வருஷம் தொண்ணூற்றுச் சொச்சத்தில் வளைந்தவன், அன்று அதே முள்ளை நம்பி நிஜமான நூறில் போயிருக்கிறான்.

"என்னண்ணே, முகம் வேர்த்துப் போச்சு?"

"வெயில்."

ஃபோர்க்கை மாற்றினான், சக்கரத்தை நேராக்கினான். கடைசியில் ஒரு மத்தியானம் பழைய கம்பெனிக் கணக்கைப் பெட்டியில் திரும்ப ஏற்றி, வேகம் சோதிக்கும் ரோலர் மேல் பின்சக்கரத்தை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். ரோலருக்குத் தனி மீட்டர் உண்டு. முள் நூறைத் தொட்டபோது ரோலர் மீட்டர் தொண்ணூற்றொன்று காட்டியது. பழைய பொய் வந்துவிட்டது. ஒரு பொய்யைப் பார்த்து அவன் இவ்வளவு நிம்மதிப்பட்டதில்லை.

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

முள் இறங்கவில்லை.

லேப்டாப்பில் பார்த்தான். பெட்டிக்குள் இருந்தது அவனுடைய கணக்கு. அழித்து மறுபடி ஏற்றினான். மறுபடி அவனுடையதே. பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். கறுப்புப் பெட்டியையே கழற்றி வெளியே எடுத்தான்.

முள் நூறில்.

கூரைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. தெருவில் ஒரு குரல் இல்லை. வெயில் வாசலோடு நின்று உள்ளே வர மறுத்தது போல இருந்தது.

ரோலர் கறகறவென்றது.

உயிரே இல்லாத வண்டியின் சக்கரம் மெல்லச் சுழலத் தொடங்கியது.

கிராம்பு. இப்போது காதுக்கு அருகே, வெதுவெதுப்பாக.

"மச்சான்... நூறுதானே?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே ஓடினான். தங்கையிடம், "வண்டி இன்னும் ஆகலம்மா. ஆகாது போலிருக்கு" என்றான். அவள் பட்டறைப் பக்கம் பார்த்தாள். அந்த வாரத்தில் வேலைக்குச் சேராவிட்டால் இடம் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

விடிந்து பார்த்தபோது வண்டி இல்லை.

போன் அடித்தது. "அண்ணே, நல்லபடியா வந்து சேந்துட்டேன். ஆகாதுன்னு பயமுறுத்தினியே, சாவி போட்டதும் கிளம்பிடுச்சு! வளைவுலதான் கொஞ்சம் பயந்தேன். ஆனா அதுவாத் திரும்புதுண்ணே, யாரோ கூடப் பிடிச்சுக்கிட்ட மாதிரி. ஒண்ணே ஒண்ணுதான். நிறுத்தின பிறகும் முள்ளு நூறுலயே நிக்குது. வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள என்னன்னு சொல்லேன்."

இழுப்பறையைத் திறந்தான். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அது இல்லாமல் வண்டி கிளம்பவே முடியாது.

"வண்டியத் தொடாத. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் தொடாதம்மா."

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தன்னுடைய பழைய வண்டியை எடுத்தான். பெட்டியும் கிடையாது, கணக்கும் கிடையாது. சக்கரத்திலிருந்து ஒரு கேபிள், அதன் நுனியில் ஒரு முள், அவ்வளவுதான். சைக்கிள்காரன் முந்திப் போகும் அளவுக்கு மெதுவாக ஓட்டினான். ஆலையின் புழுதி தூரத்தில் தெரிந்தது. அதற்கு முன்னால் வளைவு.

முள் துள்ளியது.

ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினான். முள் நூறில். பிரேக்கை மிதித்தான். நூறில். ஓரத்து மரங்கள் ஓடுகின்றனவா, நிற்கின்றனவா? காற்று முகத்தில் அறைவது நிஜமா? எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

பின்சீட் அமுங்கியது.

"மச்சான்... நூறுதானே?"

வளைவு வந்துவிட்டது.

ஆலை முற்றத்தில், தங்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டியின் முள் நடுங்கி, மெல்ல இறங்கி, பூஜ்யத்தில் படுத்தது. "பாத்தியா, எங்கண்ணன் வர்றான்னதும் பயந்துடுச்சு" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்தாள். ஷிஃப்ட் முடிந்தும் வெகு நேரம் ரோட்டையே பார்த்தாள். அண்ணன் வரவில்லை. வீட்டில் குழந்தை அழும். ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள்.

வண்டி கனத்தது. மூன்று ஆள் ஏறியது போல.

குனிந்து பார்த்தாள். காலையில் அவளே மடக்கி வைத்த பின்சீட்டுக் கால்மிதிகள் இரண்டும் விரிந்திருந்தன. ஒன்றில் கல் தூள். இன்னொன்றில், இன்னும் காயாத கிரீஸ்.