புளியமரத்தடியில் நிற்காத பேருந்து

மூன்றாவது நாளாக, எட்டு மணிப் பேருந்து புளியமரத்தடியில் நிற்காமல் சென்றது.

ஓட்டுநருக்குக் கண்பார்வை நன்றாகவே இருந்தது. சீருடை தெரிந்தால் அவருக்கு இலவசப் பாஸ் தெரியும். பாஸ் தெரிந்தால் வண்டி பறக்கும்.

திருவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கு நான்கு மைல். வெள்ளத்தாயும் சுடலைமாடத்தியும் தூறலில் நடந்தார்கள்.

"நாளைக்கும் பிந்துனா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருன்னு அப்பா சொல்லிட்டாவ," என்றாள் சுடலைமாடத்தி.

பிள்ளைகளைத் தீக்குச்சி அடுக்கும் வேலைக்கு ஏற்றிப்போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியுமுன் அதே மரத்தடிக்கு வரும். கை காட்டாமலே நிற்கும். உள்ளே பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்குவார்கள்.

வெள்ளத்தாய் பேச்சை மாற்ற எண்ணி, வெள்ளிக்கிழமைப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள்.

"டோனா ஓமாலி 1966-இல் அயர்லாந்தின் கல்வி அமைச்சர். உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் இல்லை. தொலைவிலிருந்து வருவோருக்குப் பேருந்தும் இலவசம் என்றார். நிதியமைச்சரைக் கேளாமலே அறிவித்தார்."

"ஏட்டி, ஏன் கேக்கல?"

"கேட்டா மாட்டேன்னுருப்பாவ."

"பொறவு?"

"ரெண்டு வருசத்துல செத்துப்போனாவ."

சுடலைமாடத்தி ஒரு குட்டையைத் தாண்டினாள்.

"பஸ்ஸு ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"நின்னுச்சா?"

வெள்ளத்தாய் படித்த புத்தகத்தில் அது இல்லை.

அன்று மாலை அவள் கீரை விற்கும் சந்தனம் அக்காவிடம் சென்றாள். ஏழு மணிப் பேருந்தில் சந்தைக்குப் போகிறவர் அவர். டிக்கெட் எடுப்பவர் என்பதால் அவருக்கு எந்தப் பேருந்தும் நிற்கும்.

"எட்டு மணி பஸ்ஸுல வாரியளாக்கா?"

"கீரை வாடிருமேட்டி! கட்டுக்கட்டவே கொஞ்ச நேரமா ஆகுது?"

"நாங்க ரெண்டு பேரும் தினமும் விடியமுன்ன வந்து கட்டித்தாரோம். கட்டுக்குத் தண்ணியும் தெளிக்கோம்."

மறுநாள் மரத்தடியில் கூடையோடு சந்தனம் அக்கா மட்டுமே நின்றார். பேருந்து நின்றது. மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு சீருடைகள் ஓடிவந்தன.

"ஏய், எங்கேருந்து வாரிய?" என்றார் ஓட்டுநர்.

"கூடைய ஏத்த ஆள் வேண்டாமாண்ணே? நீரா எறங்கி ஏத்துவீரு?" என்றார் சந்தனம் அக்கா.

முதல் மணிக்கு இருவரும் வகுப்பில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வெள்ளத்தாய்க்குப் பரிசு கிடைக்கவில்லை.

சனிக்கிழமை விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்தது, இருமுறை ஒலியெழுப்பியது, பிறகு உறங்கும் பிள்ளைகளோடு புறப்பட்டுச் சென்றது. சுடலைமாடத்தி அப்போது சந்தனம் அக்கா வீட்டில் கீரை கட்டிக்கொண்டிருந்தாள்.