கிலோமீட்டருக்கு நூற்றிருபத்தைந்து

உலகத்திலுள்ள அத்தனை பேய்களையும் ஒரே ஓர் எண்ணால் ஒழித்துவிட்டவன் என் அண்ணன் உதயசூரியன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்துகிறான். "இருக்குன்னா எடை இருக்கணும். எடை இருந்தா கரண்டு செலவாகும். செலவானா என் வண்டி காட்டிக்குடுத்துரும்" என்பான். வண்டி என்பது ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய எலெக்ட்ரிக் கார்.

முழு சார்ஜில் நானூற்றிருபது கிலோமீட்டர் ஓடும் என்றது கம்பெனி. "அது ரூமுக்குள்ள உருளை மேல ஓட்டிப் பாத்த கணக்கு. நம்ம ரோடு, நம்ம வெயிலு, ஏசி எல்லாஞ் சேத்தா முன்னூத்தி இருவதுதான்" என்று அண்ணனே கண்டுபிடித்தான். அதாவது கிலோமீட்டருக்கு நூற்றிருபத்தைந்து வாட்-அவர் செலவு. மூன்று பேர் வரை அதே கணக்கு; அதற்கு மேல் ஓர் ஆள் ஏறினால் நாலைந்து கூடும். திரையில் எப்போதும் அந்த எண்தான் ஓடும். பெற்ற பிள்ளையின் மார்க்கைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பான்.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா அமுதவல்லியைத் திருச்சி ஏர்போர்ட்டில் விடக் கட்டுமாவடியிலிருந்து கிளம்பினோம். குவைத்தில் நர்ஸ் வேலை. விசா மறுநாளோடு முடிகிறது; இந்த விமானத்தை விட்டால் வேலை போச்சு. இரண்டரைக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். ராத்திரி கரண்டு போனதால் சார்ஜ் பாதிதான் ஏறியிருந்தது. நூற்றறுபது ஓடும், தூரம் நூற்றுப் பதினைந்து. அண்ணன் கவலையே படவில்லை.

அறந்தாங்கி தாண்டி டீக்கடையில் நிறுத்தினோம். அக்கா முன்சீட்டில், நான் பின்னால் இடது ஜன்னலோரம். கடைக்காரர் பெரியகருப்பன் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பின்னாடி ரெண்டு எடம் சும்மா கெடக்கு. துண்டு கிண்டு போட்டுட்டுப் போங்க. அங்கிட்டு ஒரு பழைய நிழற்குடை இருக்கு. இந்த ரோட்டுல எல்லாரும் அப்பிடித்தான் போறது."

"பஸ்ஸுல எடம் பிடிக்கிற மாதிரியா?"

"ஆமாங்க. துண்டு கெடந்தா உக்கார மாட்டாங்க."

"பேய்க்கு ரிசர்வேஷனு!" அண்ணன் சிரித்ததில் டீ சட்டையில் கொட்டியது. "லோயர் பெர்த்து கேக்குமாய்யா?"

பெரியகருப்பன் சிரிக்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருபுறமும் தைலமரக் காடு. உச்சி வெயில். மரங்களுக்கு அடியில் நிழலே விழவில்லை. எலெக்ட்ரிக் காரில் இன்ஜின் சத்தம் கிடையாது என்பதால் வெளியே சருகு உரசுவதுகூடக் கேட்டது. நிழற்குடை வந்தது. சுவரில் மழை கழுவிய கட்சிச் சின்னங்கள். அங்கே பஸ் நிற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆனால் வேகத்தடையை யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் வேகத்தைக் குறைத்தான். கார் ஏறி இறங்கியது.

நூற்று முப்பது.

"எதிர்காத்து" என்றான்.

நூற்று நாற்பத்தைந்து. நூற்று எழுபது.

ஏசியை அணைத்தான். வேகத்தை நாற்பதுக்குக் கொண்டுவந்தான். எண் இருநூறைத் தாண்டியது. காருக்குள் வேர்வை வாசம். தேங்காயெண்ணெய், வாடிய மல்லிகை. அதற்கும் அடியில் ஒரு வாசம்.

டீசல்.

எலெக்ட்ரிக் காரில்.

நான் கதவோரம் ஒட்டிக்கொண்டேன். ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. என் வலது தோளில் ஏதோ அழுத்தியது. சூடாக, துணி சுற்றியதாக.

இருநூற்று நாற்பதில் எண் நின்றது. இன்னும் அறுபத்தாறு கிலோமீட்டர்தான் ஓடும் என்றது திரை. ஏர்போர்ட்டுக்கு எண்பது.

"புதுக்கோட்டையில சார்ஜ் போட்டா?" அக்கா கேட்டாள்.

"ஒரு மணி நேரம் ஆகும். கவுண்டர் மூடிருவான்."

அண்ணன் ஓரங்கட்டினான். டயரில் காற்று சரியாக இருந்தது. பிரேக் எங்கேயும் பிடிக்கவில்லை. காருக்குப் பின்னால் போனவன் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. நான் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன். பின்டயர்கள் இரண்டும் பாதிக்கு மேல் மட்கார்டுக்குள் புதைந்து, காரின் பின்பக்கம் தரையை உரசும் அளவுக்கு இறங்கியிருந்தது.

திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

இருநூற்று நாற்பதிலிருந்து நூற்றிருபத்தைந்தைக் கழித்து, நாலரையால் வகுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து பேர் வந்தது. எனக்குக் கணக்கு சரியாக வராது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

"அடுத்த ஸ்டாப்புல நிறுத்துண்ணே" என்றாள் அக்கா, கிசுகிசுப்பாக. "எறக்கி விட்ருவோம்."

"யார?"

அடுத்த நிழற்குடையில் அக்காவே இறங்கி, வலதுபக்கப் பின்கதவைத் திறந்தாள். வார்டில் நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"எல்லாரும் எறங்கிக்கங்க. வண்டி இதுக்கு மேல போகாது. எனக்கு நேரமாச்சுங்க."

கார் ஒருமுறை அசைந்தது. கொஞ்சம் உயர்ந்தது. மறுபடி அசைந்தது. அப்படியே பலமுறை. என் காலை யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள். அக்கா கதவைச் சாத்தினாள்.

கிளம்பினோம். எண் இறங்கியது. நூற்று எண்பது. நூற்று நாற்பது. நூற்று முப்பது.

அங்கேயே நின்றது.

"பாத்தியா, எதிர்காத்துதான்" என்றான் அண்ணன். இரண்டு பதினைந்துக்கு அக்கா உள்ளே போனாள். குவைத் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள். எடுத்ததும் கேட்டது, "நம்பர் எறங்கிருச்சா?" என்றுதான்.

இறங்கவில்லை. அதன் பிறகு எந்த ரோட்டில் போனாலும் நூற்று முப்பதுதான். அண்ணன் டயர் நாலையும் மாற்றினான், அலைன்மென்ட் பார்த்தான். நான் பின்னால் உட்காருவதை விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு வேலையாகப் புதுக்கோட்டைக்கு அதே ரோட்டில் போனோம். டீக்கடையில் நிறுத்தவில்லை. நிழற்குடைக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது, நான் கேட்காமலே ஓரங்கட்டினான். டிக்கியிலிருந்து இரண்டு புதுத் துண்டுகளை எடுத்தான். பின்கதவைத் திறந்து, ஒன்றை இடது ஜன்னலோரம் விரித்தான். சுற்றி வந்து இன்னொன்றை வலது ஜன்னலோரம் விரித்தான். நான் சிரிக்கவில்லை.

"நடுவுல போடலையாண்ணே?"

அண்ணன் பின்சீட்டைப் பார்க்காமல், "அங்கதான் ஆள் இருக்குல்ல" என்று தணிந்த குரலில் சொன்னான். பிறகு தூங்குகிற ஆளை எழுப்பிவிடாதபடி கதவை மெதுவாகச் சாத்தினான்.